பள்ளி முன்னேறுகிறதா? எதை அளந்து சொல்கிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

இப்போது ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த குழு இது. 2022-இல் நம் மாநிலத்தில் இதை 20 பேர் கொண்ட குழுவாக மாற்றி அமைத்தார்கள். பெரும்பான்மை பெற்றோர்கள்தான். இந்தக் குழுவின் முக்கியமான வேலை, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது. சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி என்றால் கடகடவென்று எழுதிவிடுவார்கள். "மாணவர் முன்னேற்றம்" என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். யாராவது ஒருவர் "100 சதவீதத் தேர்ச்சின்னு போடுங்க சார்" என்பார். போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு தொடக்கப் பள்ளி முன்னேறுகிறது என்றால் என்ன அர்த்தம்? எதை அளந்து அதைச் சொல்வது? இது இன்றைய கேள்வி இல்லை. இருநூறு வருடங்களுக்கு மேலாக நம் மண்ணில் கேட்கப்பட்டு வரும் கேள்வி. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலைப் பொறுத்து வகுப்பில் எந்தக் குழந்தை முன்னால் உட்கார்ந்தது, எந்தக் குழந்தை பின்னால் போனது, எது பள்ளியை விட்டே போனது என்பதும் மாறியது. இதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். அங்கே ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. முழுப் பரீட்சை கிடையாது. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். கை பழகியதும் ஓலைக்குப் போகும். முன்னால் கற்றவன் பின்னால் வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். எழும்பூரில் இராணுவ அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்லும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்தார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அது அங்கே "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் பரவியது. ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் மெட்ராஸ் கல்லூரி என்று ஒரு பள்ளி இருக்கிறது. நம் சட்டாம்பிள்ளை கடல் தாண்டிப் போயிருக்கிறான் பாருங்கள்!

திண்ணைப் பள்ளியை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. கோதண்டம் போட்டுத் தொங்கவிடும் தண்டனை அங்கேதான் இருந்தது. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. சேரிக் குழந்தைக்கு அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது. ஆனால் ஏறி உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு வசதி இருந்தது. அது தன் வேகத்தில் போகலாம். மூன்று மாதம் மணலில் இருந்தாலும் "நீ பெயில்" என்று யாரும் முத்திரை குத்தவில்லை.

அடுத்து 1822. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்கள் எல்லோருக்கும் ஓர் ஆணை அனுப்பினார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, என்னென்ன நூல்கள் படிக்கிறார்கள், எத்தனை காலம் படிக்கிறார்கள், எவ்வளவு கட்டணம் என்று கேட்டார். விவரங்கள் வந்து சேர நாலு வருடம் ஆனது. 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். தோராயமாக ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

இந்தக் கணக்கை வைத்து இன்றுவரை சண்டை நடக்கிறது. "அப்போதே எவ்வளவு பள்ளிகள் பார்" என்று ஒரு பக்கம். "அந்தப் பள்ளிகளில் யாருக்கு இடம் இருந்தது பார்" என்று இன்னொரு பக்கம். வாத்தியார் வேலை பார்த்தவளாக எனக்கு வேறு ஒன்று கண்ணில் படுகிறது. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். உட்கார்ந்தவனுக்கு என்ன வந்தது என்று கேட்கவில்லை. பள்ளியை அளக்க முதலில் வந்த அளவுகோல் தலை எண்ணிக்கைதான்.

தலையை எண்ணினால் போதாது, படித்தானா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்புறம் வந்தது. நல்ல எண்ணம்தான். வந்த விதம்தான் கொடுமை. 1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்க வழி செய்தது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் "தேர்ச்சிக்கு ஏற்ற மானியம்" என்ற முறையைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் நேரில் வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். குழந்தை ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கு வரவேண்டிய பணத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தவறினால் மூன்று வெட்டு. அதே முறை 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் குழுவும் தொடக்கக் கல்விக்கு இதையே பரிந்துரைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் ஒரு விலை எழுதியாகிவிட்டது. வாத்தியாருக்கு வீட்டில் அரிசி வாங்க வேண்டும். ஆய்வாளர் வரும் நாளில் எவன் பாஸ் பண்ணுவானோ அவன்தான் அவருக்கு அரிசி. வாசிக்கத் தெரியாதவன்? நட்டக் கணக்கு. அப்படியானால் அவர் யாருக்கு நேரம் செலவழிப்பார்? பாடப் புத்தகத்தை முழுவதும் மனப்பாடம் செய்ய வைப்பதும், ஆய்வாளர் கேட்கும் பக்கத்தை மட்டும் நெட்டுருப் போட வைப்பதும் இந்த முறைக்குப் பிறந்த பிள்ளைகள். இங்கிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1890களில் அங்கே கைவிட்டார்கள். இந்தியாவில் கர்சன் காலத்தில், 1904-இல் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம் இதற்கு முடிவு கட்டச் சொன்னது. கிட்டத்தட்ட நாற்பது வருடம் நம் பிள்ளைகள் விலைப்பட்டியலில் இருந்திருக்கிறார்கள்.

முறை போனது. பழக்கம் போகவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1920-இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் முயற்சியில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. பள்ளிகளும் பெருகின. 1929-இல் ஹார்ட்டாக் குழு ஒரு கணக்கை எடுத்து முகத்தில் அறைந்த மாதிரிக் காட்டியது. 1922-23-இல் ஒன்றாம் வகுப்பில் நூறு பையன்கள் இருந்தால், மூன்று வருடம் கழித்து நாலாம் வகுப்பில் இருபது பேர்கூட இல்லை. மீதிப் பேர் ஒரே வகுப்பில் தேங்கினார்கள், அல்லது நின்றுவிட்டார்கள். ஆசிரியர் பயிற்சியில் "தேக்கமும் வீணாதலும்" என்று ஐந்து மார்க் கேள்விக்காகப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அது இந்தக் குழுவிலிருந்து வந்ததுதான். அன்றைக்கு அது பரீட்சைக்கு ஒரு விடை. வேலைக்குப் போன பிறகுதான் அந்த எண்பது பேருக்கும் முகம் உண்டு என்று தெரிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, காமராசர் காலம். 300 பேர் வாழ்கிற ஊர் என்றால் அங்கே ஒரு பள்ளி. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958-இல் தொடங்கி நடத்தியது. முதல் சீரமைப்பு மாநாடு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது.

அதன் வழிமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆசிரியர்களும் ஊராரும் சேர்ந்து தேவைப் பட்டியல் எழுதுவார்கள். கூரை ஒழுகுகிறது, கரும்பலகை இல்லை, மணி இல்லை, கடிகாரம் இல்லை, தண்ணீர்ப் பானை இல்லை, பத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை இல்லை. அந்தப் பட்டியலை மாநாட்டில் வைப்பார்கள். ஊரில் ஒருவர் நிலம் கொடுப்பார், ஒருவர் மரம் கொடுப்பார், ஒருவர் பெஞ்சு கொடுப்பார், ஒன்றுமில்லாதவர் உடலுழைப்பைக் கொடுப்பார். இன்றைக்கு நாம் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று சொல்வதற்கு அறுபது வருடத்துக்கு முன்னாலேயே நம் ஊரில் ஒரு மாதிரி இருந்தது. அந்தத் திட்டத்தில் குழந்தை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. "குழந்தைக்கு நீ என்ன கொடுத்தாய்?" என்று ஊரைப் பார்த்துக் கேட்ட திட்டம் அது.

அதிலும் குறை உண்டு. பெஞ்சை எண்ண முடியும். பெஞ்சில் உட்கார்ந்தவன் வாசிக்கிறானா என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து 1984-இல் திருவண்ணாமலைப் பக்கம் ஓர் ஒன்றியப் பள்ளியில் சேர்ந்தேன். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரே கூடம். எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவு, பிள்ளைகளைப் பள்ளியில் பிடித்து வைத்திருந்தது. 1987-இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் வந்தது. எந்தப் பருவத்துக்கும் தாங்கும் இரண்டு அறை, குறைந்தது இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் பெண், கற்பிக்கும் கருவிகள் என்பது இலக்கு. உலக உருண்டை, அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி, விளையாட்டுச் சாமான் எல்லாம் வந்து இறங்கின. நான் அப்போது பார்த்த ஒரு பள்ளியில் அத்தனையும் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது? தணிக்கைக்கு உருண்டை முழுசாக இருக்க வேண்டும். பிள்ளை அதைத் தொட்டதா என்று எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. முதல் கட்டத்திலேயே எங்கள் மாவட்டமும் இருந்தது. அதன் இலக்குகளை இன்றும் என்னால் சொல்ல முடியும். இடைநிற்றல் 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். சராசரி அடைவு, தொடக்கத்தில் எடுத்த அளவை விடக் குறைந்தது 25 சதவீதம் கூட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும், ஒரு சமூகத்துப் பிள்ளைக்கும் இன்னொரு சமூகத்துப் பிள்ளைக்கும் இடையே சேர்க்கையிலும் படிப்பிலும் உள்ள வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

எத்தனையோ சுற்றறிக்கை பார்த்திருக்கிறேன். இப்படி ஓர் இலக்கை அதற்கு முன் பார்த்ததில்லை. சராசரியை ஏற்றுவது சுலபம். நன்றாகப் படிக்கிற பத்துப் பேரை இன்னும் நன்றாகப் படிக்க வைத்தால் சராசரி ஏறிவிடும். வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும் என்றால் கடைசியில் இருக்கிற பிள்ளையிடம் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். வேறு வழியில்லை. எங்கள் ஒன்றியத்தில் அந்த இலக்கு முழுவதும் நிறைவேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வள மையக் கூட்டங்களில் முதல் தடவையாக "உங்க பள்ளியில பொம்பளப் பிள்ளைங்க எங்க நிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். கேட்டாலே வாத்தியார் கண் அந்தப் பக்கம் திரும்பும்.

அப்புறம் செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியினர் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்து உருவாக்கிய முறை. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் தொடங்கினார். 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. பாடம் முழுவதையும் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துவிட்டார்கள். சுவரில் ஏணிப்படி மாதிரி ஒரு படம். பிள்ளை தானே எழுந்து போய், தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அந்த அட்டையை எடுத்து வந்து பாயில் உட்காரும். முடித்தால் அட்டவணையில் தானே குறிக்கும். பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை கீழே இறங்கியது. எழுதியது, வரைந்தது எல்லாம் தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கும்.

குறை இல்லாமல் இல்லை. அட்டை கிழியும், தொலையும். நாலு வகுப்புப் பிள்ளை ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆசிரியை எத்தனை குழுவைப் பார்ப்பாள்? பெற்றோர்கள் வந்து, "என்ன டீச்சரம்மா, பாடமே நடத்த மாட்டீங்களா, தரையில உட்கார்ந்து விளையாடுதுங்க" என்று சண்டை போடுவார்கள். எல்லாம் உண்மை.

ஆனால் ஒன்றை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போவார்கள். பிள்ளையும் கூடப் போகும். மூன்று நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தால், பழைய முறையில் வகுப்பு பத்துப் பாடம் தாண்டிப் போயிருக்கும். பிள்ளை திருதிருவென்று முழிக்கும். பத்து நாளில் நின்றுவிடும். ஏணிப்படி வந்த பிறகு, அப்படித் திரும்பி வந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை நேராகச் சுவரிடம் போனது. விட்ட படியைத் தேடியது. அட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அதற்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்காகப் பாடம் காத்திருந்தது. முப்பத்தைந்து வருட வேலையில் "மாணவர் முன்னேற்றம்" என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். திண்ணையில் மணலில் எழுதிய பிள்ளைக்கு இருந்த அந்த வசதி, இந்தத் தடவை எல்லாச் சாதிப் பிள்ளைக்கும், பெண் பிள்ளைக்கும் சேர்த்துத் திரும்பி வந்தது.

பிறகு 2012-இல் முப்பருவ முறையும் வளரறி, தொகுத்தறி மதிப்பீடும் வந்தன. 40 மதிப்பெண்ணும் 60 மதிப்பெண்ணுமாகப் பிரித்தார்கள். 2019-இல், நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில், 5-ஆம் வகுப்புக்கும் 8-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அடுத்த மாதமே கொரோனா. தொடக்கப் பள்ளிகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. ஒன்றாம் வகுப்பே பார்க்காமல் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்காக இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் எழுத்தும் எண்ணும் தெரிய வேண்டும் என்பது இலக்காக இருந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அழகான பெயர்கள். மொட்டு தோற்றுப்போன மலர் இல்லை அல்லவா?

இப்போது, முன்னால் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் 1904-இலேயே முடிந்தது என்றேன். பழக்கம் போகவில்லை என்றேன். நான் வேலையில் இருந்த காலத்தில் ஆண்டாய்வு வரும். அதற்கு முதல் நாள் சில பள்ளிகளில் மெதுவாகப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வராதே" என்று சொல்வார்கள். அதிகாரி முன்னால் அவன் திக்கினால் பள்ளிக்கு அவமானமாம். பணம் வெட்டுவதில்லைதான். ஆனால் நூறு வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளை நட்டக் கணக்கு என்றால், இப்போது அவமானக் கணக்கு. பிள்ளைக்கு ஒரே சேதிதான் போய்ச் சேர்கிறது: இந்தப் பள்ளி நல்ல பேர் வாங்க வேண்டும் என்றால் நான் இங்கே இருக்கக் கூடாது.

இந்த வரலாற்றில் எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். பிள்ளையைப் பள்ளிக்குச் சாட்சியாக நிறுத்தும் இலக்கு எதுவானாலும், அது மெதுவாகப் படிக்கிற பிள்ளையை வெளியே தள்ளும். எழுதுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. "பிள்ளைக்குப் பள்ளி என்ன கொடுத்தது, பிள்ளை நேற்று இருந்த இடத்திலிருந்து இன்று எவ்வளவு நகர்ந்தது" என்று கேட்கும் இலக்கு அந்தப் பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்ளும். 100 சதவீதத் தேர்ச்சி என்பது முதல் வகை. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்றிருக்கும்போது அந்த 100-க்கு அர்த்தமும் இல்லை.

அப்படியானால் என்ன எழுதலாம்? மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் நான் சொல்வது மூன்று வரி.

ஒன்று: ஜூன் மாதம் எத்தனை பிள்ளை எழுத்துக் கூட்டுகிற நிலையில் இருந்தது, டிசம்பரில் அவர்களில் எத்தனை பேர் ஒரு பத்தி வாசிக்கிறார்கள். வகுப்புச் சராசரி வேண்டாம். பிள்ளை பிள்ளையாகக் கேளுங்கள். கூட்டத்தில் பெயரைப் படிக்கச் சொல்லாதீர்கள், அந்தந்தப் பெற்றோரிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு: வேலைக்குக் குடிபெயர்ந்து போய்த் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்க என்ன ஏற்பாடு.

மூன்று: அதற்குப் பள்ளிக்கும் ஆசிரியருக்கும் ஊர் என்ன கொடுக்கப் போகிறது. ஆசிரியர் செயலியில் விவரம் ஏற்றுகிற நேரத்தையும் இதில் சேர்த்துக் கேளுங்கள். அந்த நேரம் பிள்ளையிடமிருந்து எடுத்த நேரம்.

இந்த மூன்று வரிக்குப் பணம் அதிகம் தேவைப்படாது. ஒரு நோட்டும், கேட்கிற பழக்கமும் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு 1960 வாக்கில் நடந்த சீரமைப்பு மாநாட்டில் யார் என்ன கொடுத்தார்கள் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். நிலமோ, மணியோ, ஒரு நாள் கூலி வேலையோ, எதுவானாலும் எழுதி வையுங்கள். தொண்ணூறைத் தொட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் இடைநிலை ஆசிரியை